தீண்டல் என்னும் அன்புச் சொல்

அழுதுவரும் பிள்ளையைத் தாய் வாரி அணைத்து, உச்சி மோந்து, முதுகைத் தடவிவிடுகின்றாள். அழுகை ஓய்ந்துவிடுகின்றது. அவள் வாய் சொன்னது பிள்ளைக்கு விளங்கியதோ இல்லையோ, கை சொன்னது விளங்கிவிட்டது.

இத்தகைய பரிவான தொடுகைக்குத் தமிழிலே தழுவல், வருடல், தைவரல் எனப் பல சொற்கள் உள்ளன. 'தீண்டல்' என்பதும் அவற்றுள் ஒன்றாகும். இன்று அச்சொல்லைக் கேட்டதும் பாம்பு தீண்டுவதும் தீண்டாமையுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் திருவள்ளுவர் மக்கட்பேறு அதிகாரத்திலே, பிள்ளைகளின் மெய் படும்போது பெற்றோர் பெறும் இன்பத்தைக் கூற எடுத்தாண்ட சொல் இதுவே. காதலியின் தொடுகையால் உயிர் தளிர்ப்பதைக் கூறவும் இதனையே ஆண்டார்.

தீண்டு என்னும் வினையிலிருந்தே தீட்டு என்னும் சொல்லும் பிறந்தது. தொடுதலைக் குறித்த சொல் தொடக்கூடாமையைக் குறிக்கலாயிற்று. இது சொல்லின் குற்றமா? மனத்தின் குற்றமா?

சைவம் இதற்கு விடை தருகின்றது. குரு தமது திருக்கரத்தைச் சீடன் தலையில் வைத்து அருளுவது பரிச தீட்சை எனப்படும். பறவை தன் முட்டையை உடலால் அணைத்துக் குஞ்சு பொரிப்பதைப் பெரியோர் இதற்கு உவமை கூறுவர். காளத்தியிலே வேடராகிய கண்ணப்பர் படைத்த ஊனைச் சிவகோசரியார் தீட்டென்று வருந்தினார். அதே கண்ணப்பர் தமது மறு கண்ணையும் தோண்ட முயன்றபோது, இறைவனே திருக்கை நீட்டி அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

அப்படியாயின் ஆசாரம் வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும். தொண்டைமானாற்றங்கரையில் செல்வச் சந்நிதியிலே, மருதர் கதிர்காமர் வழிவந்த பூசகர்கள் வாயைத் துணியாற் கட்டி மௌனமாகப் பூசை செய்கின்றனர். அது தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் ஒழுக்கம். பிறரை அழுக்கென்று விலக்குவது ஒழுக்கமாகாது.

நம் நாட்டில் 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம், சாதியின் பேரால் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. அதன் பின்னரும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே உட்செல்ல வேண்டி அடியார்கள் போராட நேர்ந்தது. சட்டத்தால் கதவு திறக்கும். கை நீள்வதற்கு மனம் திறக்க வேண்டும்.

அன்னதானக் கந்தன் என்று போற்றப்படும் சந்நிதியான் முன்றிலிலே, அடியார்கள் பந்தியில் தோளோடு தோள் பட அமர்ந்து உண்கின்றனர். திருவிழா நெரிசலில் தள்ளாடும் முதியவரின் கையைப் பற்றும்போது, அது யார் கை என்று கேளாமல் பற்றுவோமாக. தீண்டல் என்னும் சொல் அன்றுதான் தன் பழம்பொருளைத் திரும்பப் பெறும். அதற்குச் சந்நிதி வேலவன் திருவருள் துணைநிற்பதாக.