இறங்காமல் போன வித்துவான்கள்

தலைமன்னாரின் பழைய இறங்குதுறையில் இப்போது இறங்க யாரும் இல்லை. துருவேறிய இரும்புத் தூண்களும் உப்புக் காற்றும்தான். 1914இல் தொடங்கிய தனுஷ்கோடிக் கப்பல் இங்கேதான் வந்து கட்டும். கடல்வழி ஏறத்தாழ 22 மைல். தமிழ்நாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துத் திருவிழாக்களுக்கு வந்த எத்தனையோ தவிலும் நாயனமும் தம்புராவும் இந்தப் பலகையில் இறங்கியிருக்கும். ஆனால் நின்றிருக்காது. கப்பலடியிலேயே புகையிரதம் காத்து நிற்கும். மதவாச்சியில் வண்டி மாறினால் வடக்கு. மன்னாரை அவர்கள் யன்னலால் பார்த்ததோடு சரி: பனை, வெளி, கழுதைக் கூட்டம்.

*

போன இடத்தில் அவர்களுக்குப் பெரிய வரவேற்பு. 1960இல் சு. நடேசபிள்ளை யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் தொடங்கிய இசைக்கழகம், பின்னாளில் இராமநாதன் நுண்கலைக் கழகம், தமிழ்நாட்டு வித்துவான்களை அதிபர்களாகவே அழைத்து இருத்தியது. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை இருந்தார். மகாராஜபுரம் சந்தானம் இருந்தார்.

கச்சேரிக்கு வந்து போவது வேறு, வகுப்பில் இருப்பது வேறு. மேடையில் கிடைப்பது முடிந்த பாட்டு. வகுப்பில் பிள்ளை பார்ப்பது அதற்கு முந்தியதை: காலையில் கனத்த தொண்டை மந்திர ஸ்தாயிக்குத் தயங்கித் தயங்கி இறங்குவது, ஒரு சங்கதி சரியாக விழவில்லை என்று பாடியவரே முகம் சுளிப்பது, தொடையில் தட்டிக்கொண்டிருந்த கை ஒரு கணம் அந்தரத்தில் நின்று, பிறகு விட்ட இடத்தில் விழுவது. ஒலிநாடாவில் இது வராது. ஆளை வரவழைத்து இருத்துவது இதற்காகத்தான் என்பேன்.

*

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோயிற்று. பிறகு இராமேசுவரத்திலிருந்து கப்பல் வந்தது. அதை யுத்தம் நிறுத்தியது.

*

ஆள் வராமல் பாட்டு மட்டும் வந்ததும் உண்டு. மன்னாரில் உள்ள திருக்கேதீச்சரத்துக்குச் சம்பந்தரும் சுந்தரரும் ஆளுக்கொரு பதிகம் பாடினார்கள். இருவருமே இராமேசுவரத்தில் நின்றபடி பாடினார்கள் என்பது பெரியபுராணம். சம்பந்தர் பதிகத்துக்கு நட்டராகம், சுந்தரருக்கு நட்டபாடை. இன்று ஓதுவார்கள் முதலாவதைப் பந்துவராளியிலும் மற்றதைக் கம்பீரநாட்டையிலும் பாடுகிறார்கள். கடல் தாண்டாத சுந்தரர் பாட்டுக்குப் பாட்டு பாலாவிக் கரையைச் சொல்கிறார். அந்தக் கரையில் இருந்து அதைப் பாடும்போது எனக்கு ஒரு சின்னக் கூச்சம். அவர் காணாததை நான் கண்டுகொண்டிருக்கிறேன். ஆனாலும் அவர் சொன்னது போலத்தான் அது தெரிகிறது.

*

இறங்கியவர் ஒருவர் இருக்கிறார். கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமி, 1705 ஓகஸ்ட் 30, தலைமன்னார். ஒல்லாந்தர் ஆட்சி, கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. ஒளித்துத் திரிந்த அந்த மனுஷன் இரண்டு மொழியும் படித்து, சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்தார். அவருடைய வியாகுலப் பிரசங்கத்தை இன்றும் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கிறார்கள். வாசிக்கும் கிழவிமாரில் அவர் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேரோ. தெரியாவிட்டால்தான் என்ன?

*

வித்துவான்கள் கொடுக்க வந்தார்கள். சு. வித்தியானந்தன் கேட்க வந்தார். பேராதனைப் பேராசிரியர்; பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். மன்னார்க் கத்தோலிக்க ஊர்களில் ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த கூத்துகள் அவர் பதிப்பில் அச்சேறின: 1964இல் என்றிக்கு எம்பரதோர், 1966இல் மூவிராசாக்கள், 1967இல் ஞானசவுந்தரி. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இங்கே மெட்டு இரண்டு வழியாகப் போகும்; அதை அச்சு பிடிக்காது. அது கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் தொண்டையில் இருக்கிறது.

வித்தியானந்தன் அதையும் அறிந்தவர். 1962இல் கர்ணன் போர் கூத்தை மேடையேற்றப் பேராதனைக்கு மட்டக்களப்பு வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியாரை அழைத்தார். பட்டப்படிப்பு மாணவர்கள் ஒரு கமக்கார ஊரின் ஆசானுக்கு முன்னால் தாளக்கட்டுப் பழகினார்கள். விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கிவிட்டார் என்று குறை சொன்னவர்களும் உண்டு. குறை நியாயம்தான். இருந்தாலும் விருந்தினர் கதிரையில் யாரை இருத்தினார் என்பதை நான் மறக்கமாட்டேன்.

*

இப்போது நம் இசைப் பாடசாலைகளில் விருந்தினர் நாள் என்றால் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, இன்னொரு பொன்னாடை. வந்தவருக்கு மிஞ்சுவது அரை மணித்தியாலம். அதற்குள் மைக் வேறு கீச்சிடும்.

மன்னாருக்கு ஒருவரை அழைப்பதானால் தவக்காலத்தில் வரச் சொல்ல வேண்டும். பின்னேர வகுப்புக்குப் பிள்ளைகள் வரமாட்டார்கள், கோயிலில் கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடப் போயிருப்பார்கள் என்று முன்கூட்டியே கடிதத்தில் எழுதிவிடலாம். பயணச் செலவு நாங்கள் தருவோம். பாய் கொண்டுவரத் தேவையில்லை.