போவதா? இருப்பதா?

காற்பந்தாட்ட உலகில் ஓர் இளம் பயிற்சியாளர் தலையெடுத்துவிட்டால், அவர் பெயர் பத்திரிகைகளில் அடிபடத் தொடங்கிய மறுநாளே ஒரு கேள்வியும் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது: “இவர் அடுத்தாற்போல் எங்கே போவார்?” அவர் இப்பொழுது இருக்குமிடத்தில் என்ன செய்கிறார், யாரைக் கொண்டு செய்கிறார், அது எத்தனை நாள் நிற்கும் என்பனவெல்லாம் பின்தள்ளப்பட்டுவிடுகின்றன. சிறிய ஊரின் கோஷ்டியொன்றைத் தூக்கி நிறுத்தியவர் பெரிய ஊருக்குப் போயே தீரவேண்டும் என்பது எழுதாச் சட்டமாகிவிட்டது. போனால் நன்றி கெட்டவரென்று ஒரு சாரார் தூற்றுவர். போகாவிட்டால் துணிவற்றவரென்று மற்றொரு சாரார் நகைப்பர். இவ்விரு சாரார் பேச்சிலும் எவ்வளவு நியாயமுண்டு என்பதை நாம் சற்று ஆராய விரும்புகிறோம். பந்தாட்டத்திற்கு இவ்வளவு பெரிய விசாரணை எதற்கு என்று கேட்போர் இருக்கலாம். வேலை முடிந்த மாலை வேளைகளில் தோட்டத்துத் திடலில் பந்துதைத்து வளர்ந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

முதலில் நன்றியை எடுத்துக்கொள்வோம். திருவள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதன் பெருமையை நாம் குறைத்துப் பேச வரவில்லை. ஆயினும் அந்தச் சொல்லை நம்மவர்மீது எவ்விதம் பிரயோகித்தார்கள் என்பதையும் மறந்துவிடுவதற்கில்லை. 1938-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் தொழிலாளரை மலாயாவுக்குத் திரட்டியனுப்புவதைத் தடுக்கும்வரை, கங்காணி கொடுத்த முன்பணத்தோடு கப்பலேறியவர்கள் ஆயிரமாயிரம் பேர். வந்து சேர்ந்தபின் வேறு தோட்டத்தில் இரண்டு காசு கூடக் கிடைக்குமென்று அறிந்து ஒருவன் புறப்பட்டால், ‘உப்பைத் தின்றவன்’ என்ற பேச்சு உடனே எழும். கடன் ஒரு கயிறு. நன்றி மற்றொரு கயிறு. இவ்விரண்டினாலும் கட்டுண்டு கிடந்தவர்களின் வழிவந்த நாம், உழைப்பவன் ஒருவன் தன் உழைப்புக்கு மேலான இடத்தைத் தேடுவது குற்றமென்று எப்படி ஒப்புவோம்? பிறந்த குடியிலேயே, பிறந்த தொழிலிலேயே கிடவென்று சொல்லும் பழங்கொள்கையை எதிர்ப்பவர்கள், சேர்ந்த கழகத்திலேயே கிடவென்று ஒரு பயிற்சியாளரிடம் சொல்ல முடியாது.

ஆனால் விஷயம் அதனோடு முடிந்துவிடவில்லை. பயிற்சியாளர் வெறும் கூலியாள் அல்லர். அவர் சொல்லை நம்பி இருபத்தைந்து ஆட்டக்காரர்கள் தங்கள் ஆட்டத்தையே மாற்றிக்கொள்கிறார்கள். அவர் முறைக்கு ஏற்றவனென்று ஓர் இளைஞனைத் தேசம் கடந்து கூட்டி வருகிறார்கள். அவர் பருவத்தின் நடுவில் எழுந்து போய்விட்டால், அடுத்து வருகிறவருக்கு அந்த இளைஞன் வேண்டாத சுமை. ஆகவே போகலாமா என்று கேட்பதில் நமக்கு அக்கறையில்லை, போகலாம். எப்பொழுது போவது, எதை எந்த நிலையில் விட்டுப்போவது, போகுமிடத்தில் எதற்காகத் தன்னை அழைக்கிறார்கள் என்பவையே உண்மையான வினாக்கள்.

இவ்விடத்தில் குறளின் பொருட்பாலிலுள்ள ஓர் அடைவு நமக்கு நினைவு வருகிறது. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்ற மூன்று அதிகாரங்கள் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. போருக்குப் புறப்படும் அரசனுக்குச் சொன்னவையென்றாலும், இடம் மூன்றாவதாக வந்திருப்பதைக் கவனிக்கவேண்டும். நம் காலத்துப் பந்தாட்டப் பேச்சோ இடத்தில் தொடங்கி இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

அந்த அடைவின்படி நடந்தவர் ஒருவரைச் சொல்கிறோம். ஸ்பெயின் தேசத்தவரான ஸாபி அலோன்சோ, ஆட்டக்காரராய் இருந்தபோது லிவர்பூல், ரியல் மாட்ரிட், பேயர்ன் மூனிக் என்ற மூன்று பெருங்கழகங்களிலும் ஆடிப் புகழ்பெற்றவர். அப்படிப்பட்டவர் பயிற்சித் தொழிலை எங்கே கற்றார்? ரியல் சொசியடாட் கழகத்தின் இரண்டாங் கோஷ்டியில், 2019 முதல் 2022 வரை, மூன்று பருவங்கள் இருந்து கற்றார். அக்கோஷ்டி அவர் கையில் ஒருமுறை மேற்பிரிவுக்கு ஏறிற்று. அடுத்த வருஷமே இறங்கியும் போயிற்று. ஏற்றத்தையும் இறக்கத்தையும் கண்ட பிறகே 2022 அக்டோபரில் ஜெர்மனியின் பேயர் லெவர்குசன் கழகத்தை ஏற்றார்.

லெவர்குசன் பிறந்த கதை நம் வாசகர்களுக்குப் பிடிக்கும். அது பேயர் இரசாயனத் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் 1904-ம் வருஷத்தில் தொடங்கிய சங்கம். நூற்று இருபது வருஷ காலம் ஜெர்மன் லீக்கின் வாகை அதற்குக் கிட்டவில்லை. 2002-ல் ஒரே பருவத்தில் லீக், ஜெர்மன் கோப்பை, ஐரோப்பியச் சாம்பியன் கோப்பை ஆகிய மூன்றிலும் இரண்டாவதாய் நின்றது. எதிரிகளின் ஏளனம் அதற்குப்பின் ஓயவேயில்லை. அலோன்சோ வந்தபோது அட்டவணையில் கடைசிக்கு முந்தின இடம். அப்பருவ முடிவில் ஆறாவது இடம். அடுத்த பருவத்தில், அஃதாவது 2023-24-ல், முப்பத்துநான்கு லீக் ஆட்டங்களில் 28 வெற்றி, 6 சமநிலை, தோல்வி ஒன்றுகூட இல்லை. ஜெர்மன் லீக்கில் அதற்குமுன் எவரும் அவ்விதம் வாகை சூடியதில்லை. ஜெர்மன் கோப்பையும் கிட்டிற்று.

வாகை கைக்கு வருமுன்னரே கதவுகள் தட்டப்பட்டன. லிவர்பூலின் பயிற்சியாளரும் பேயர்ன் மூனிக்கின் பயிற்சியாளரும் அப்பருவத்தோடு விலகுவதென்று தெரிந்துவிட்டது. இரண்டும் அலோன்சோவின் பழைய வீடுகள். உலகமே அவர் எந்த வீட்டுக்குள் நுழைவாரென்று பந்தயம் கட்டிக்கொண்டிருக்கையில், 2024 மார்ச் மாத இறுதியில் தாம் லெவர்குசனிலேயே இருக்கப்போவதாக அறிவித்தார். தாம் இளம் பயிற்சியாளர், தமக்குரிய இடம் இப்போதைக்கு இதுவே என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். இதை நன்றியென்று புகழ்ந்தார்கள். நன்றியைவிட இதில் தன்னளவறிதல் மிகுதியென்பது நம் அபிப்பிராயம். நாற்பத்திரண்டு வயதில் தன்னை இன்னும் கற்கிறவனென்று சபையில் சொல்லிக்கொள்ளும் மனிதர்கள், எத்தொழிலிலும், அதிகம் பேர் இல்லை.

கதை இங்கே நின்றிருந்தால் எழுதுகிறவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும். நிற்கவில்லை. மேலும் ஒரு பருவம் இருந்து, இரண்டாமிடம் பெற்று, 2025-ல் அலோன்சோ ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். வலி அறிந்து, காலம் அறிந்து, பழகிய இடத்திற்கே போனவர், 2026 ஜனவரியில், எட்டு மாதங்கூட நிறையாமல், அந்த வேலையினின்று விலக நேர்ந்தது. அவர் விட்டுப்போன லெவர்குசனின் நிலையும் சொல்லவேண்டும். அதே கோடையில் விர்ட்ஸ், பிரிம்பாங், டா, சாக்கா முதலிய தூண்கள் வேறு கழகங்களுக்குச் சென்றன. புதிதாக அமர்த்திய எரிக் டென் ஹாக்கை இரண்டே லீக் ஆட்டங்களுக்குப் பின் கழகம் வெளியேற்றிவிட்டது. ஆக, போனவருக்கும் இடம் நிலைக்கவில்லை. விடப்பட்ட வீடும் ஆட்டங்கண்டது. ஒழுங்காக யோசித்து நடந்தால் நற்பலன் நிச்சயமென்று நாம் யாருக்கும் உறுதி சொல்ல முடியாது. ஆயினும் யோசித்து நடந்தவனிடம் தோல்விக்குப்பின் மிஞ்சுவது வேறு, பிறர் இழுத்த இழுப்புக்குப் போனவனிடம் மிஞ்சுவது வேறு.

ஒரு வீட்டின் உறுதி பயிற்சியாளர் ஒருவரைப் பொறுத்ததன்று என்பதற்கு இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைட்டன் கழகம் சான்று. கிரஹாம் பாட்டர் என்பவர் சுவீடனில் நான்காம் பிரிவில் கிடந்த ஒஸ்டர்சுண்ட் கோஷ்டியை முதற்பிரிவுக்கே உயர்த்தி, 2017-ல் அந்நாட்டுக் கோப்பையையும் வென்று கொடுத்தவர். 2019-ல் பிரைட்டனுக்கு வந்து பொறுமையாக வேலை செய்தார். 2022 செப்டம்பரில், பருவம் தொடங்கிச் சில வாரங்களே ஆன வேளையில், லண்டனின் செல்சி கழகம் அழைக்க, தம் உதவியாளர்கள் சிலரோடு புறப்பட்டுவிட்டார். அங்கே புது முதலாளிகள் ஆட்டக்காரர்களை வாங்கிக் குவித்தார்கள். எல்லோரையும் களமிறக்கவே பாட்டருக்கு வழியில்லை. ஏழு மாதம் முடியுமுன் வேலை போயிற்று. பிரைட்டனோ அவர் போனதில் கலங்கவில்லை. ராபர்ட்டோ டி செர்பி என்ற இத்தாலியரைக் கொண்டுவந்து, அதே பருவத்தில் ஆறாமிடம் பிடித்து, தன் சரித்திரத்தில் முதன்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. நடுப்பருவத்தில் போனதைப் பற்றி நாம் முன்பு சொன்னது பாட்டருக்கும் பொருந்தும். ஆயினும் அங்கே நட்டப்பட்டவர் அவரே.

பெரிய வீட்டார் ஓர் இளைஞரை அழைக்கும்போது அவருடைய முறையை வாங்குகிறார்களா, அவர் பெயரை வாங்குகிறார்களா என்பதைப் பிரித்தறிவது எளிதன்று. பிரயன் கிளஃப் என்ற ஆங்கிலேயரைப் பாருங்கள். இரண்டாம் பிரிவிலிருந்த டார்பி கவுண்டியை 1967-ல் ஏற்று 1972-ல் இங்கிலாந்தின் வாகையாக்கினார். தலைவரோடு பிணங்கி வெளியேறி, பிரைட்டனில் சில மாதம் இருந்து, 1974-ல் அப்போதைய வாகையான லீட்ஸ் யுனைடெட்டுக்குப் போனார். நாற்பத்துநான்கே நாட்கள்! அக்கோஷ்டியின் ஆட்டத்தை முன்பெல்லாம் பகிரங்கமாய் இகழ்ந்தவரை அதே கோஷ்டியின் தலையில் வைத்தார்கள். அவர்கள் வாங்கியது பெயரை. அதுவரை கூடவே உழைத்த துணைவர் பீட்டர் டெய்லர் பிரைட்டனிலேயே தங்கிவிட்டார். தன் வலியில் பாதியை விட்டுவிட்டுப் போர்க்களம் புகுந்தவர் கதைதான் அது. பின்பு 1975 ஜனவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் என்ற இரண்டாம் பிரிவுக் கழகத்தை ஏற்றார். அடுத்த வருஷம் டெய்லரும் வந்து சேர்ந்தார். 1977-ல் மேற்பிரிவு, 1978-ல் வாகை, 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கோப்பை. பட்டியலில் கீழே இருந்த இடமே அவருக்கு மேலான இடமாயிற்று. இதை 1974-ல் எந்த மேதாவி சொல்லியிருப்பார்?

பிரான்ஸின் கீ ரூ இன்னொரு வகை. ஒசேர் என்ற சிற்றூர்க் கழகத்தை 1961-ல், இருபத்திரண்டு வயதில் ஏற்று, சிற்சில இடைவெளிகள் போக நாற்பது வருஷத்திற்கு மேல் அங்கேயே இருந்தார். 1980-ல் முதற்பிரிவுக்கு ஏற்றினார். 1996-ல் லீக்கும் கோப்பையும் சேர்ந்து வந்தன. அவரை எல்லோரும் பின்பற்றவேண்டுமென்று நாம் சொல்லோம். அவ்வளவு காலம் பொறுத்திருக்கும் கழகமும் இன்று கிடைக்காது. ஆனால் இருந்த இடத்திலேயே இருந்தவர் துணிவற்றவரென்று பேசுவோர், முப்பத்தைந்து வருஷம் ஒரு வாகைக்காக உழைப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டுமென்று எண்ணிப் பார்க்கட்டும்.

இதுவரை பயிற்சியாளர்களையே விசாரித்தோம். எஜமானர்களை யார் விசாரிப்பது? சிறு கழகம் விதைத்துத் தண்ணீர் ஊற்றும். பெருங்கழகம் விலைகொடுத்துப் பிடுங்கி நட்டு, நாற்பது நாளில் காய்க்கவில்லையென்று வெட்டியெறியும். ஒப்பந்தத்தில் எழுதிய விடுதலைத் தொகையைக் கட்டிவிட்டால் தர்மமெல்லாம் தீர்ந்தது என்பது அவர்கள் கணக்கு. ஒரு தொழிலாளி வேலையை விட்டால் அது நன்றிகேடு. அவனை வேலையைவிட்டு நீக்கினால் அது நிர்வாகம். இந்த இரட்டை நாக்கு நமக்குப் புதியதன்று.

போர்ச்சுகல் தேசத்து ஆந்த்ரே வில்லாஸ் போவாஸின் வரலாறு இதன் இரு பக்கங்களையும் காட்டும். அவர் தாம் பிறந்த ஊரான போர்ட்டோவின் கழகத்தை 2010-ல் ஏற்று, ஒரே பருவத்தில் தோல்வியில்லாமல் லீக்கையும், நாட்டுக் கோப்பையையும், யூரோப்பா லீக்கையும் வென்றார். வயது முப்பத்துமூன்று. உடனே செல்சி கழகம் ஒன்றரைக் கோடி யூரோ விடுதலைத் தொகை கட்டி அவரை எடுத்துக்கொண்டது. பழைய ஆட்டக்காரர்களை மெல்ல ஒதுக்கிப் புதியவர்களைக் கொண்டுவர முயன்றார். ஒன்பது மாதத்திற்குள், 2012 மார்ச்சில், வேலை போயிற்று. அதே மே மாதத்தில் அவர் உதவியாளராயிருந்த டி மத்தேயோ அந்தப் பழைய ஆட்டக்காரர்களையே கொண்டு ஐரோப்பியச் சாம்பியன் கோப்பையை வென்றார். அவர் முறை தவறா, கொடுத்த காலம் குறைவா என்பதை இனி யாரும் தீர்த்துச் சொல்ல முடியாது. பிறகு எத்தனையோ ஊர் சுற்றினார். போர்ட்டோவில் கண்ட அந்த ஒரு பருவம் மீண்டும் அமையவில்லை.

ஆனால் 2024 ஏப்ரலில் அவர் வேறு விதமாய் வீடு திரும்பினார். 1982 முதல் போர்ட்டோ கழகத்தை ஆண்டுவந்த தலைவரைத் தேர்தலில் பெருவாரியான வாக்குகளால் தோற்கடித்துத் தாமே தலைவரானார். பொறுமையற்ற எஜமானரால் வெளியேற்றப்பட்ட இளைஞர் எஜமானர் நாற்காலியில் அமர்ந்தார். இனி அங்கே இளம் பயிற்சியாளர்களுக்குக் காலம் கிடைக்குமென்று எதிர்பார்த்தவர்கள் பலர். 2025 ஜனவரியில் வீட்டோர் புரூனோவை நீக்கினார். அவ்விடத்திற்கு அழைத்துவந்த மார்ட்டின் அன்செல்மியையும் அதே வருஷம் கோடையில் நீக்கினார். அதன்பின் அழைத்தது பிரான்செஸ்கோ பாரியோலி என்ற இத்தாலியரை, 1989-ல் பிறந்தவர்.