அக்கறை வேறு, கவனம் வேறு

நாற்பதைத் தாண்டியவருக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) இருப்பதாக மருத்துவர் சொன்னால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "அது சின்னப் பிள்ளைங்களுக்கு வர்றதாச்சே?" என்பதுதான். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. மருத்துவ உலகமே வெகுகாலம் அப்படித்தான் நம்பியது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1968இல் வெளியிட்ட கையேடு, இதைக் குழந்தைப் பருவத்துக் கோளாறாகவே பதிவுசெய்து, பதின்வயதில் தணிந்துவிடும் என்றது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு பெரியவர்களுக்கு அளவுகோலைத் தளர்த்தியது. ஆறு அறிகுறிகள் வேண்டாம், ஐந்து போதும். ஆனால் 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால்தான் என்னைப் பரிசோதித்த மருத்துவர் என் அம்மாவை அழைத்துவரச் சொன்னார். முதலில் என் மகனுக்காகப் போன இடம் அது. அவனைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் என் மனம் எனக்காகவும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. (பெரும்பாலும் பரம்பரையாக வருவது என்பதால், பிள்ளையின் வழியே தன்னைக் கண்டுகொள்ளும் பெற்றோர் பலர்.) அம்மா யோசித்துச் சொன்னார்: "சமத்துப் பிள்ளைதாங்க டாக்டர். என்ன, மூணு தடவை கூப்பிட்டாத்தான் திரும்பும்."

துள்ளித் திரியும் பையன் எல்லார் கண்ணிலும் படுவான். ஜன்னலோரம் உட்கார்ந்தபடி எங்கோ போய்விடும் பெண்பிள்ளையால் யாருக்கும் தொந்தரவில்லை. பெண்களுக்கு இவ்வளவு தாமதமாகத் தெரியவர அதுவே ஒரு பெரிய காரணம்.

நம் வீடுகளில் நினைவுதான் பாசத்தின் அளவுகோல். மாமாவின் பிரஷர் மாத்திரை தீரப்போகிறது, நாத்தனார் மகளுக்குப் பிறந்தநாள், பள்ளிக் கட்டணத்துக்கு நாளை கடைசி நாள் என்று ஞாபகம் வைத்திருப்பவள் அன்பானவள். மறப்பவளுக்கு அக்கறை கிடையாது. "மனசுல இருந்தா மறக்குமா?" என்று கேட்டுவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. மனசில் இருக்கத்தான் செய்கிறது. மாத்திரை வாங்க வேண்டும் என்று வாசல்வரை வந்த நினைப்பு, தொலைபேசி ஒருமுறை மணியடித்ததும் போய்விடுகிறது. எங்கே போயிற்று என்று சொல்லத் தெரியாமல் நிற்பதைத்தான் அலட்சியம் என்கிறார்கள்.

உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி ஏ.டி.எச்.டி.யைத் தன்னை நிர்வகித்துக்கொள்ளும் திறனில் உள்ள கோளாறாகவே விளக்குகிறார். என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். தெரிந்ததை உரிய நேரத்தில் செய்வதில்தான் சிக்கல். பிடித்த வேலையில் மணிக்கணக்காக மூழ்கும் அதே மூளை, கரண்ட் பில் கட்ட உட்கார மறுக்கிறது. பார்ப்பவர்களுக்கு அது வேண்டுமென்றே செய்வதாகப் படுகிறது. பொறுமையாக இருக்கும்போது சோம்பல் என்பார்கள், கோபம் வந்தால் திமிர் என்பார்கள்.

எனக்கும் இது இருப்பதைத் தெரிந்துகொண்டதும் வந்தது நிம்மதி. அதன் பின்னாலேயே துக்கம். பத்து வயதிலேயே யாராவது கண்டுபிடித்திருந்தால் என்ற எண்ணத்தைத் தவிர்க்க முடியவில்லை. அந்தத் துக்கத்தை அவசரப்பட்டு மூடிவைக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். "இதெல்லாம் எல்லாருக்கும் இருக்கறதுதானே" என்று நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆறுதலுக்குள் பழைய குற்றச்சாட்டு அப்படியே இருக்கிறது: எல்லாரும் சமாளிக்கிறார்கள், உனக்கு மட்டும் என்ன?

மருந்து பலருக்கு நன்றாகவே உதவுகிறது. ஆனால் இதற்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருவதால் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. சீட்டு வாங்கி, கையிருப்பு உள்ள கடையைத் தேடி, தீர்வதற்குள் மறுபடி போக வேண்டும். திட்டமிடச் சிரமப்படுபவரிடம்தான் இவ்வளவு திட்டமிடலைக் கேட்கிறார்கள். இதை மாற்றியே ஆக வேண்டும்.

மற்றபடி, தலைக்குள் நிற்காததை வெளியே வைக்க வேண்டியதுதான். சாவிக்கு வாசலில் ஓர் ஆணி, பீரோக் கதவில் ஒட்டிய தாள், செல்போனில் அலாரம். இதில் அத்தைக்குத்தான் வருத்தம். "அலாரம் அடிச்சாத்தான் எங்க ஞாபகம் வருமா?" என்று கேட்டார். "உங்க ஞாபகம் இருக்கறதாலதான் அத்தை அலாரமே வெச்சிருக்கேன்" என்றேன். அவருக்கு முழுச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மாமாவை டாக்டரிடம் கூட்டிப்போகும் தேதியை இப்போது என்னிடம் வாயால் சொல்லிவிட்டுப் போவதில்லை. பேரனைக் கூப்பிட்டு, அம்மா போனில் போட்டுவிடு என்கிறார். கையோடு அவன் போனிலும் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்.