விதியா, பருவமா?

மழை தொடங்கியதும் பாம்பு வெளிவரும் என்பதைச் சவ்வாது மலையடியில் உள்ள சந்தவாசல் வட்டாரத்து உழவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எந்தத் திங்களில் வரப்பைப் பார்த்து மிதிக்க வேண்டும் என்பதை அவர் அறிவார். ஆயினும், அதே வரப்பில் ஒருவர் கடியுண்டு மாண்டால், "அவர் விதி முடிந்தது" என்று ஊர் கூறிவிடுகிறது. பாம்பு வருவது பருவத்தால். மனிதர் சாவது மட்டும் விதியாலா? இந்த முரண்பாட்டை எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

பாம்பு தன் உடலுக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் உயிரன்று. சூழலிடமிருந்து பெறும் உயிர். மார்கழிக் குளிரில் பாறை இடுக்கிலும் வளையிலும் ஒடுங்கி, வெயில் ஏறிய பின்னரே வெளிப்படுகிறது. சித்திரை வெயிலில் பகலெல்லாம் பதுங்கி, அந்தியிலும் இரவிலும் இரை தேடுகிறது. மழை பெய்தால் வளையில் நீர் புகுகிறது, தவளை பெருகுகிறது. கண்ணாடி விரியன் குட்டி ஈனுவதும், நல்ல பாம்பின் முட்டை பொரிவதும் பெரும்பாலும் கோடையின் முடிவையும் மழையின் தொடக்கத்தையும் ஒட்டியே. அறுவடை நாளிலோ, தானியத்தை எலி நாடுகிறது. எலியைப் பாம்பு நாடுகிறது. இதில் சாபம் எங்கே? சினம் எங்கே? பசியும் வெப்பமும் அன்றோ இருக்கின்றன!

மற்றொன்றையும் நோக்க வேண்டும். பாம்பைக் காண்பது என்பது இரு உயிர்களின் சந்திப்பு. ஒரு திங்களில் பாம்புகள் மிகுதியாகக் கண்ணில் பட்டால், பாம்பு பெருகிற்று என்பது மட்டும் பொருளன்று. நம் கால்கள் அதன் வழியில் மிகுதியாக நடந்தன என்பதும் பொருள். மலைமேல் சாமை விதைக்கும் மலையாளிப் பழங்குடியினரும், கீழே களையெடுக்கும் பெண்களும் மண்ணில் இறங்கி உழைப்பது அதே மழைக்காலத்தில்தான். எனவே பாம்பின் பருவமும் பாட்டாளியின் பருவமும் ஒன்றாகிவிடுகின்றன.

இறப்புக் கணக்கும் இதையே உரைக்கிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் மாண்டவர் ஏறத்தாழ 12 லட்சம் பேர். ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்று ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். இவற்றுள் ஏறக்குறைய பாதி, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு திங்களில் நிகழ்ந்தவை. பெரும்பாலானவை சிற்றூர்களில் நிகழ்ந்தவை. விதிக்கும் நாட்காட்டி உண்டோ? மாடியில் உறங்குவோரை விட்டுவிட்டு, மண்தரையில் படுப்போரையே தேடிச் செல்லும் விதி எத்தகைய விதி?

இவ்வளவும் விளங்கும் ஆடித் திங்களில் நாம் காண்பது என்ன? சந்தவாசலை அடுத்த படவேட்டில், ஆடி வெள்ளிதோறும் ரேணுகாம்பாள் கோயிலில் கூட்டம் திரள்கிறது. ஊர்தோறும் புற்றுக்குப் பால் வார்க்கிறார்கள். பாம்பு எலியையும் தவளையையும் உண்ணும் ஊர்வன. பாலுண்டு வாழும் உயிரன்று. புற்றிலே வணங்கப்படும் அதே பாம்பு வீட்டுக்குள் வந்தால் தடியால் அடிபடுகிறது! வணங்கும் கையும் அடிக்கும் கையும் ஒரே அச்சத்தின் இரு கைகளே. இரண்டும் பாம்பை உள்ளபடி பார்க்கவில்லை.

ஆனால், தோழர்களே, பால் வார்க்கும் ஏழைத் தாயை ஏளனம் செய்வதோடு நம் பகுத்தறிவு நின்றுவிடலாகாது. அவள் புற்றை நாடுவது ஏன் என்றும் கேட்க வேண்டும். 2023 மே திங்களில், இதே சவ்வாது மலைத்தொடரில், வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பகுதியின் அல்லேரி மலைச் சிற்றூர் ஒன்றில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. நல்ல சாலை இல்லை. மருத்துவமனை சேரும் முன்னே உயிர் பிரிந்தது. திரும்பும்போதும் ஊர்தி மேலேறவில்லை. குழந்தையின் உடலைத் தாய் கையில் சுமந்து நடந்தாள். கடித்தது பாம்பு, கொன்றது பாம்பு மட்டுமா? சாலை முடியும் இடத்தில்தான் சாமியாட்டம் தொடங்குகிறது.

மருந்து இல்லாமலா இந்தச் சாவு? நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் முறிவு மருந்து உண்டு. அந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சைச் சேர்த்துத் தருவோர் யார்? சென்னையை அடுத்த வடநெம்மேலியில், 1978-இல் கூட்டுறவுச் சங்கம் கண்ட இருளர் தோழர்கள். கற்றவர் அஞ்சி ஓட, கல்லாதவர் என இகழப்பட்டோர் அறிவால் பாம்பைக் கையாண்டு நாட்டின் உயிர் காக்கின்றனர்.

2024-இல் தமிழ்நாட்டு அரசு, பாம்புக் கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. நல்ல தொடக்கம். எண்ணப்படாத சாவு எவரையும் உறுத்துவதில்லை. எண்ணப்பட்டபின் விடை கூறியாக வேண்டும்.

நாம் சொல்ல வருவது இதுதான்: வருமுன் அறியத்தக்க தீங்கு, விதி அன்று, காவாதவரின் கடன். ஆடிக்கு முன்பே மலைப்பாதை சீராக வேண்டும். அருகிலுள்ள மருத்துவ நிலையத்தில் மருந்து இருப்பில் இருக்க வேண்டும். நம் மன்றங்கள் கைவிளக்கு, காலணி, கட்டில், கொசுவலை ஆகியவற்றின் தேவையை வீடுதோறும் சொல்ல வேண்டும். கடிவாயைக் கீறாதே, கயிற்றால் இறுக்காதே, மந்திரிப்பவரிடம் பொழுதைப் போக்காதே, கடிபட்டவரை நடக்கவிடாதே, மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு செல் என்று பள்ளிப் பிள்ளைக்கும் பயிற்ற வேண்டும்.

பாம்பு ஆண்டுதோறும் பருவம் தவறாமல் வருகிறது. அதற்கு முன்னே நாம் போய்ச் சேர்வோமா?