முடக்குவாதக் கை: வேலையா, தோற்றமா?

முடக்குவாதத்தில் மூட்டின் உட்சவ்வு வீங்கிக் குருத்தெலும்பை அரிக்கிறது. மூட்டைக் கட்டிவைத்திருக்கும் நார்கள் தளர்கின்றன. நாளடைவில் விரல்கள் அடிமூட்டில் நழுவிச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்கின்றன. இந்தக் கையை அறுத்துச் சீராக்கலாமா என்று யோசிப்பவர், கை என்பது எதற்கு என்ற பழைய கேள்விக்கே வந்து சேர்கிறார்.

கைகள் இருப்பதால்தான் மனிதன் அறிவில் உயர்ந்தான் என்றார் கிரேக்கத் தத்துவஞானி அனக்சாகரஸ். அறிவுள்ளவன் என்பதால்தான் அவனுக்குக் கை வாய்த்தது என்று மறுத்தார் அரிஸ்டாட்டில். அவருக்குச் செயலே கையின் இயல்பு. பிணத்தின் கை பெயருக்குத்தான் கை. அறுவை மருத்துவம் கற்பிக்கும் வரிசையும் இதையே ஒட்டியது: முதலில் வலி, அடுத்து பயன்பாடு, தோற்றம் கடைசியில். கோணிய விரல் வேலை செய்கிறதென்றால் அதைத் தொட வேண்டியதில்லை. ஓவியர் ரென்வார் இதற்கு நல்ல சான்று. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிப்போன பிறகும், பிறர் எடுத்துக் கொடுத்த தூரிகையைப் பிடித்து 1919இல் இறக்கும்வரை வரைந்தார்.

சில இடங்களில் இந்த விவாதத்துக்கே வேலையில்லை. மணிக்கட்டில் சொரசொரப்பான எலும்பு முனையில் உரசி, விரலை நீட்டும் தசைநாண் அறுந்துபோகும். பெரும்பாலும் சுண்டுவிரல்தான் முதலில் தொங்கும். தாமதித்தால் பக்கத்து நாண்களும் போகும். எலும்பைச் செதுக்கி, வேறொரு நாணை மாற்றி இணைப்பதே வழி.

சிக்கல் அடிமூட்டில்தான். 1960களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் சுவான்சன், சிதைந்த மூட்டை வெட்டியெடுத்துவிட்டு வளையும் சிலிகோன் துண்டைப் பொருத்தும் முறையை உருவாக்கினார். விரல்கள் நேராகின்றன, வலி குறைகிறது. பிடிவலு மட்டும் பெரிதாகக் கூடுவதில்லை. காலப்போக்கில் சிலிகோன் முறிவதும் உண்டு. ஆனாலும் நோயாளிகளில் பலர் நிறைவடைகிறார்கள். அரிஸ்டாட்டிலின் அளவுகோலுக்கு இந்த நிறைவு பிடிபடாது.

இதை வெறும் அழகாசை என்று ஒதுக்குவது அவசரம். ஒரு கை மறுகையைத் தொடும்போது தொடுவதாகவும் தொடப்படுவதாகவும் மாறிமாறி நிற்பதைப் பிரெஞ்சுத் தத்துவஞானி மெர்லோ-பொந்தி கவனித்தார். கருவிக்கு அந்த இரட்டை நிலை இல்லை. கை வேலை செய்யும், பிறர் கண்ணிலும் படும். நாலு பேர் முன் சோற்றைப் பிசையவும் கடைக்காரரிடம் காசை நீட்டவும் கூசுபவருக்கு, அந்தக் கூச்சமும் இயலாமைதான். ஆகவே தோற்றத்தைப் பயன்பாட்டிலிருந்து பிரித்துக் கடைசியில் வைக்கும் வரிசை, பாடநூலில் தெரிவதுபோல அவ்வளவு உறுதியானதல்ல.

மெத்தோட்ரெக்சேட் மருந்தும் 1990களின் இறுதியில் வந்த உயிரியல் மருந்துகளும் நோயைத் தொடக்கத்திலேயே அடக்குவதால், இத்தகைய கைகளும் இந்த அறுவைகளும் குறைந்து வருகின்றன.