இன்னும் ஒரு சிட்டிகை

மேசைமேல் இரண்டு டம்ளர் உப்புத் தண்ணீர். இரண்டும் பளிங்குபோல் தெளிவு. எது தெவிட்டிய கரைசல், எது தெவிட்டாதது? கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஒவ்வொன்றிலும் இன்னும் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு நன்றாகக் கலக்க வேண்டும். கரைந்து மறைந்தால் தெவிட்டாதது. அடியிலேயே தங்கிவிட்டால் தெவிட்டியது.

செறிவு மிகுந்தாலே தெவிட்டியது என்று எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிடும் பிள்ளைகள் உண்டு. 100 கிராம் தண்ணீரில் 100 கிராம் சர்க்கரை கரைந்தால் நாக்கில் வைக்க முடியாத இனிப்பு. ஆனாலும் அது தெவிட்டாத கரைசல்தான். அறை வெப்பநிலையில் அதே தண்ணீர் இன்னொரு 100 கிராமையும் வாங்கிக்கொள்ளும். சுண்ணாம்புத் தெளிநீரோ 100 கிராமுக்குக் கால் கிராம்கூடச் சுண்ணாம்பு ஏறாமலே தெவிட்டிவிடுகிறது. நமக்குத் திகட்டுவது வேறு, தண்ணீருக்குத் தெவிட்டுவது வேறு. எந்தப் பொருள், எந்தக் கரைப்பான், என்ன வெப்பநிலை என்று மூன்றையும் கேட்காமல் இதற்குப் பதில் கிடையாது. ‘தெவிட்டு’ என்ற வீட்டுச் சொல்லை எடுத்து வேதியியலுக்குக் கொடுத்தவரை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

உப்பின் குணம் இன்னும் தனி. 25 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீர் 36 கிராம் உப்பைக் கரைக்கும். கொதிக்க வைத்தாலும் 39 கிராம் அளவோடு சரி. சூடாக்கி ஆறவைத்து உப்பெடுக்கலாம் என்று உட்கார்ந்தால் கைக்கு அதிகம் வராது. தூத்துக்குடி உப்பளங்களில் அதனால்தான் தண்ணீரையே வெயிலுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகளோடு வரும் கடல்நீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து வற்றுகிறது. வழியில் ஜிப்சம் உப்புக்கு முன்பே படிந்துவிடும். பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போதுதான் அந்தக் கடல்நீர் சோற்றுப்புக்குத் தெவிட்டி, வெள்ளைப் படிகம் எட்டிப்பார்க்கிறது.

தெவிட்டியபின் எல்லாம் ஓய்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அடியில் கிடக்கும் உப்பு கரைந்துகொண்டே இருக்கிறது. கரைந்த உப்பு அதே வேகத்தில் திரும்பி வந்து படிந்துகொண்டே இருக்கிறது. முனை உடைந்த ஒரு கல்லுப்பைத் தெவிட்டிய உப்புக் கரைசலில் போட்டு, நீர் ஆவியாகாமல் இறுக மூடி, சூடு ஏறி இறங்காத இடத்தில் பல நாள் விட்டுவைத்து எடை போட்டால், எடையில் மாற்றம் இருக்காது. வடிவம் மாறியிருக்கும்.