வீட்டில் ஒரு ஞாயிறு

பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு வார ஓய்வென்பதே இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு. நாராயண் மேகாஜி லோகண்டே அவர்களைத் திரட்டி 1884-இல் ஞாயிறு விடுமுறை கோரினார். 1890-இல்தான் அது கிட்டியது. மராட்டியருக்கு அது கண்டோபா வழிபாட்டிற்குரிய நாளும்கூட.

அரும்பாடுபட்டுப் பெற்ற அந்த நாளை இன்று இல்லறத்தார் பலர் கடைவீதியிலும் பயணத்திலும் செலவிட்டு, திங்களன்று முன்னிலும் களைத்து எழுகின்றனர். கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் தியானத்தை உபதேசிக்கும் பகவான், உணவு, உறக்கம் ஆகியவற்றோடு விஹாரத்தையும் சேர்த்தே கூறுகிறார். நடமாட்டம், பொழுதுபோக்கு இரண்டையும் தழுவிய சொல் அது. யோகிக்கும் அது விலக்கப்படவில்லை, அளவே வேண்டப்படுகிறது. கடுந்துறவே ஆன்மிகம் என்று எண்ணுவோர் இதைக் கவனிப்பதில்லை.

அந்த அளவு ஓர் எளிய வீட்டில் காணக் கிடைக்கும். தாய் முற்றத்தில் அமர்ந்து பட்டாணி உரிக்கிறாள். குழந்தை மணிகளை எண்ணுகிறது. தந்தை துளசிக்கு நீர் வார்த்துவிட்டு, பழைய நூலொன்றின் கிழிந்த அட்டையை ஒட்டுகிறார். எவருக்கும் அவசரமில்லை. ஆறு நாட்களாகச் சொல்ல எண்ணியிருந்ததைப் பாட்டி அன்றுதான் தொடங்குகிறாள். விளக்கேற்றும் வேளை வந்தும் அவள் பேச்சு முடியவில்லை, கேட்பவர்களும் எழவில்லை.